குடும்பத்துக்கு ஒரு பேப்பர்

பாச்சாங்கில் எங்களுக்கு வீடு கொடுத்த அம்மாளைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். அவரைத் தப்பாகப் பேச எனக்கு மட்டும்தான் உரிமை உண்டு. அவரோடு நேருக்கு நேர் நின்று சண்டை போட்டவள் நான். அவரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வாங்கியவளும் நான்.

பேர் சொல்ல மாட்டேன். உயிரோடு இருந்தால், "என் பேரை எழுத நான் எப்ப அனுமதி குடுத்தேன்? எழுத்துல காட்டு" என்பார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஆட்கள் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையை விட்ட பிறகும் அவர் ஊருக்கெல்லாம் மிஸ்ஸிதான். வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். குடியிருந்தது தெங்கேராவில், புருஷன் விட்டுப்போன பழைய வீட்டில். பாச்சாங்கில் இருந்தது அவர் சம்பளத்தில் வாங்கிய இரட்டை மாடி வீடு. ஒரு குடும்பம் இருக்கக் கட்டிய வீடு அது. அதில் மூன்று குடும்பங்களை வைத்திருந்தார்.

அந்த வீடு அவருடையது. ஆனாலும் கேட்டுக்கு வெளியே நின்று, "வரலாமா?" என்று சத்தம் போடுவார். யாராவது "வாங்க" என்று சொல்லும் வரை வெயிலில் நிற்பார். எங்கள் அறைக்கு வந்தால் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு தரம் கேட்பார். எனக்கு முதலில் இது கிறுக்காகத் தெரிந்தது. ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பிறந்து வளர்ந்த லயத்துக்கு, வேலை வாங்கும் மண்டோர் வந்தால் கதவைக் காலால் தட்டுவான். கதவு திறந்திருந்தால் அதுவும் கிடையாது.

ஒருநாள் நான் கேட்டே விட்டேன். "உங்க வீட்டுக்குள்ள வர நீங்க ஏன் மிஸ்ஸி எங்களக் கேக்குறீங்க?"

"பேப்பர்ல கையெழுத்துப் போட்ட அன்னிக்கே இந்த ரூம் உன்னுது ஆயிடுச்சு. சுவர் என்னுது, அதுக்குள்ள இருக்கிற காத்து உன்னுது. கேக்காம வந்தா நான் திருடி."

பேப்பர் என்று சொன்னார் அல்லவா, அதுதான் மிஸ்ஸி. நாங்கள் குடிவந்த நாளில் மேல்மாடி முன் அறையில் ஒரு லாரி டிரைவர், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். பக்கத்து அறையில் ஒரு தையல்காரியும் அவள் மகளும். கீழ் அறை எனக்கும் என் வீட்டுக்காரருக்கும். அவருக்குத் தொழிற்சாலையில் காவல் வேலை. டிரைவர் கொஞ்சம் முந்திரிக்கொட்டை. "மிஸ்ஸி, என் பேருலயே ஒரே அக்ரிமெண்டா போட்டுக்குங்க லா. மத்தவங்கள நான் பாத்துக்கிறேன். எதுக்கு மூணு தடவ முத்திரைக்கு அலையணும்?" என்றார்.

"வார்டுல கட்டிலுக்கு ஒரு கார்டு தொங்கும், பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன்."

"மூணு நோயாளிக்கும் சேத்து ஒரே கார்டு எழுதினா என்னா ஆவும்?"

"மருந்து மாறிடும்."

"ஆங். நாளைக்கு நீ லாரிய எடுத்துக்கிட்டு ஜொகூர் பக்கம் போயிட்டேன்னா, இந்தக் கெழவனும் கெழவியும் யாருன்னு நான் எங்க போய்ச் சொல்றது? அவங்க எங்க போய்ச் சொல்லுவாங்க?"

நான் அப்போது கிழவி இல்லை. அதை அந்த இடத்திலேயே சொன்னேன். மிஸ்ஸி என்னை ஏற இறங்கப் பார்த்து, "சரி, கெழவனும் அவன் பெண்டாட்டியும்" என்றார். என் வீட்டுக்காரர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

பேப்பர் இங்கிலீஷில் இருந்தது. மிஸ்ஸி ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொல்வார். சொல்லிவிட்டு, நோயாளியிடம் மாத்திரை கொடுத்து எத்தனை வேளை என்று கேட்பதுபோல், "இப்ப நீ சொல்லு" என்பார். எந்த அறை எங்களுடையது என்று சொன்னேன். சமையலறை, குளியலறை, வாசல் போர்ச் எல்லாருக்கும் பொது என்று சொன்னேன். எங்கள் அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும், வேறு குடும்பம் வந்து தங்குவதானால் அவர் எழுத்தில் சம்மதம் தரவேண்டும் என்று சொன்னேன். பின்கதவு வழியை எந்தக் குடும்பமும் மறிக்கக்கூடாது என்று சொன்னேன். ஆமாம், சொன்னேன். வாயால் சொன்னேன். அதை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

கைநாட்டு வாங்க மாட்டார். "பேர் எழுதத் தெரியும்ல? எழுது. எவ்வளவு நேரம் வேணா ஆவட்டும்." நான் தமிழில் எழுதி முடிக்கும் வரை சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அதற்காகவே அவரை மன்னிக்கலாம் என்று தோன்றும், சில நாள்.

அந்த வரிசையில் மற்ற வீட்டுக்காரர்கள் ஹாலைப் பலகையால் தடுத்து இரண்டு அறை, மூன்று அறை ஆக்கி விட்டிருந்தார்கள். மூலை வீட்டுக்காரர் மிஸ்ஸியிடமே வந்து, "உங்க ஹால் சும்மா கெடக்குதே, ரெண்டு குடும்பம் போடலாமே" என்றார். மிஸ்ஸி நேராகக் கவுன்சில் ஆபீசுக்குப் போய், ஒரு வீட்டில் எத்தனை குடும்பம் வைக்கலாம், எதைத் தடுக்கலாம், எதைத் தடுக்கக்கூடாது என்று கவுண்டரில் கேட்டுவிட்டு வந்தார். ஊரில் யாராவது தானாகப் போய் இதைக் கேட்பார்களா? மூலை வீட்டுக்காரர் பயந்துபோய் ஒரு மாதம் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. ஹால் ஹாலாகவே இருந்தது. பிள்ளைகள் அதில் படித்தார்கள், தையல்காரி அதில் துணி வெட்டினாள். பின்பக்க இரும்புக் கிரில்லின் சாவி மட்டும் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். அதை யாராவது பத்திரமாக எடுத்து அலமாரிக்குள் வைத்தால் போதும், அன்றைக்குத் தொலைந்தோம். "தீ புடிச்சா உன் பத்திரத்தப் பூட்டிக்கிட்டு வேவப் போறியா?" என்பார். எரிந்து வந்தவர்களுக்குக் கட்டுப் போட்டவர். அந்தப் பேச்சை மட்டும் யாரும் எதிர்த்துப் பேச மாட்டோம்.

அவருக்கு ஒரே மகன். கோலாலம்பூரில் வேலை. மேல்மாடியில் சின்ன அறை ஒன்றில் அந்த மகன் தன் சாமான்களைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். நாங்கள் வந்த இரண்டாம் வருஷம், தாயிடம் சொல்லாமல் ஒரு தரகரோடு வந்து இறங்கினார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். போகும்போது என்னிடம், "வீட்ட விக்கப் போறோம். வர்ற ஞாயிறுக்குள்ள காலி பண்ணுங்க. மேல இருக்கிறவங்ககிட்டயும் சொல்லிடுங்க" என்றார்.

நான் ஏன் என்று கேட்கவில்லை. தோட்டத்து ஆள் நான். தோட்டத்தில் வேலை இருந்தால் வீடு, வேலை போனால் வீடும் போச்சு. ஆபீஸ் கிராணி வாயைத் திறந்தால் எங்கள் கை தானாகச் சாமான் கட்டக் கயிறு தேடும். தோட்டத்தை விற்றபோதும் அப்படித்தான். சொன்ன இரண்டாம் நாள் நாங்கள் லாரி பிடித்து வெளியே வந்துவிட்டோம். அதே லயத்தில் பிடிவாதமாக நகராமல் உட்கார்ந்த பன்னிரண்டு குடும்பங்களுக்குக் கம்பெனி பிறகு வீடு கட்டிக் கொடுத்தது. நாங்கள் போய்க் கேட்டதற்கு, நீங்கள்தான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்களே என்றார்கள். அதில் பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. மத்தியானத்துக்குள் பாத்திரமெல்லாம் சாக்கில். சாவியை, அந்தத் தம்பி கேட்டைத் தாண்டுவதற்கு முன்பே, அவர் கையில் கொடுத்தும் விட்டேன்.

தையல்காரி மகள் போன் பண்ணிச் சொல்லி, மிஸ்ஸி டாக்சியில் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று, "வரலாமா?"

"வாங்க. இனிமே எங்களக் கேக்க வேண்டாம்" என்றேன்.

சாக்கைப் பார்த்தார். "யாரு கட்டச் சொன்னா?"

"தம்பி சொன்னாரு."

"அவன் யாரு? உன் பேப்பர்ல அவன் பேர் இருக்கா?"

"உங்க மகன்தானே மிஸ்ஸி."

"எனக்கு மகன். உனக்கு யாரு? சாவி எங்க?"

குடுத்துவிட்டேன் என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். நோயாளி தானே ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்ட மாதிரி. "அறிவிருக்கா உனக்கு? சாவியக் குடுத்தா நீயா விட்டுட்டுப் போனதா ஆவும். இங்க பாரு, நான் சொன்னாலும் போவக் கூடாது. நானே வந்து, வீட்டுக்காரி நான் சொல்றேன், வெளிய போன்னாலும் போவக் கூடாது. பூட்ட மாத்தக் கூடாது, தண்ணிய நிறுத்தக் கூடாது, கரண்டக் கட் பண்ணக் கூடாது. கோர்ட் ஆர்டர் வேணும். கேட்டுக்க. சொல்லு, என்னா வேணும்?"

"கோர்ட் ஆர்டர்."

"இன்னொரு தரம்."

"கோர்ட் ஆர்டர் மிஸ்ஸி!"

மகனுக்குப் போன் போட்டுச் சாவியை அன்று சாயங்காலமே திருப்பி வாங்கினார். சாக்கை அவிழ்த்துப் பாத்திரங்களை அவரே அடுக்கினார், எல்லாம் தப்பான இடத்தில். வீட்டுக்காரி ஒருத்தி குடியிருப்பவளுக்குத் தன்னையே எதிர்க்கக் கற்றுக்கொடுத்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நான் அதைச் சரியாகக் கற்றுக்கொள்வேன் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

என் தங்கச்சி மூன்று பிள்ளைகளோடு வந்து நின்றது அதற்கடுத்த வருஷம். புருஷன் இறந்த பிறகு மச்சாண்டார் வீட்டில், அதாவது அவன் அண்ணன் வீட்டில், இருந்தாள். போ என்றார்கள், வந்துவிட்டாள். நான் மிஸ்ஸியிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? லயத்தில் சொந்தம் வந்தால் பாய் விரிப்போம், யாரைக் கேட்டு விரித்தோம்? தங்கச்சியும் கடைசிப் பிள்ளையும் எங்கள் அறையில். பெரியவை இரண்டும் சமையலறைக்கும் பின்கதவுக்கும் நடுவில் உள்ள இடத்தில் மெத்தை போட்டுப் படுத்தன. அவள் கொண்டுவந்த அலமாரி எங்கேயும் நுழையவில்லை. பின்கதவில் சாய்த்து வைத்தோம். சாவி அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மிஸ்ஸி வந்தார். கேட்டார், வாங்க என்றோம், வந்தார். சமையலறைக்குப் போனவர் அந்த அலமாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அப்படி ஒரு கோபத்தை நான் அவரிடம் கண்டதில்லை.

"அந்தப் புள்ளைங்க எங்க படுக்குதுங்க?"

"இங்கதான்."

"இந்த அலமாரிக்குப் பக்கத்துல?"

"எங்க ரத்தம் மிஸ்ஸி. ரோட்டுலயா விடுவேன்?"

"ரோட்டுல படுத்தாக்கூட ஓடலாம்டி! போ. எல்லாரும் போங்க. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள என் வீட்ட விட்டு வெளிய போ!"

லாரி டிரைவரின் பெண்டாட்டி மாடிப்படியில் வந்து நின்றாள். தையல் மிஷின் நின்றது. என் தங்கச்சி அப்போதே பிள்ளைகளின் சட்டையை மடிக்கத் தொடங்கிவிட்டாள். அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. அவள் கையிலிருந்து சட்டையைப் பிடுங்கினேன்.

"கோர்ட் ஆர்டர் எங்க?" என்றேன்.

"என்னா?"

"கோர்ட் ஆர்டர் மிஸ்ஸி. இல்லாம யாரும் போவ மாட்டோம். நீங்களே வந்து சொன்னாலும்."

மாடிப்படியில் டிரைவர் பெண்டாட்டி "அம்மாடியோவ்" என்றது எனக்குக் கேட்டது. மிஸ்ஸி குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேட்டைச் சாத்தவில்லை. அவர் கேட்டைச் சாத்தாமல் போனது அன்று ஒருநாள்தான்.

மனசு இளகி வருவார் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவருக்கு மிஸ்ஸியைத் தெரியாது. அடுத்த வாரம் வந்தது ரெஜிஸ்டர் தபால், வக்கீல் பேரோடு. தையல்காரி மகள் வாசித்துச் சொன்னாள். பின்கதவை மறித்தது ஒப்பந்தத்தை மீறியது. அனுமதி இல்லாமல் இன்னொரு குடும்பத்தை வைத்தது ஒப்பந்தத்தை மீறியது. பதினான்கு நாளில் இரண்டையும் சரி செய்ய வேண்டும், இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போவோம். தங்கச்சி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக ஒருத்தர் என்னை வெளியேற்றுவதற்கு முறையாகக் கஷ்டப்படுகிறார் என்று நினைத்தேன். ரெஜிஸ்டர் தபாலில், என் முழுப்பேர் போட்டு.

அலமாரியை அன்றே நகர்த்தினோம். கட்டைகளைக் கழற்றி ஹால் சுவரோரம் சாய்த்தோம், சாவியை ஆணியில் மாட்டினோம். தங்கச்சியை நகர்த்தவில்லை. பிள்ளைகளின் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து நானே ஒரு கடிதம் எழுதினேன். எழுத ஒரு காலைப்பொழுது ஆனது. "அலமாரி எடுத்தாச்சு. தங்கச்சி போக மாட்டாள். நானும் போக மாட்டேன்." எடுத்துக்கொண்டு பஸ் ஏறித் தெங்கேராவுக்குப் போனேன். வாசலில் நின்று, "வரலாமா?" என்று கேட்டேன். அவர் வந்தால் அப்படித்தானே நிற்பார், எனக்கென்ன குறைச்சல்?

"வா. ஆனா டீ கெடையாது. கேசு நடக்குது" என்றார்.

கண்ணாடியைத் தேடி மாட்டிக் கடிதத்தைப் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். "தேதி எங்க? கையெழுத்து எங்க? இது கடுதாசியா, சாமான் வாங்குற சீட்டா?" பேனாவைக் கொடுத்தார். தேதி போட்டேன், கையெழுத்துப் போட்டேன். "இதையே இன்னொண்ணு எழுது, உங்கிட்ட ஒண்ணு இருக்கணும்" என்றார். அதையும் எழுதினேன். கை வலித்தது, காட்டிக்கொள்ளவில்லை.

பிறகுதான் கேட்டார். "உன் தங்கச்சிய ஏன் வெளிய அனுப்பினாங்க?"

"ஏன்னு யாரு சொன்னா? அவ மச்சாண்டார் மகனுக்குக் கல்யாணமாம், ரூம் வேணுமாம்."

"அந்த வீட்டுல அவளுக்குப் பேப்பர் இருந்துச்சா?"

"சொந்தக்காரங்க வீட்டுல யாரு மிஸ்ஸி பேப்பர் கேப்பாங்க?"

அவர் என் கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு, "உன் ரூமுல அவளுக்குப் பேப்பர் இருக்கா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நாளைக்கு நானும் அவளும் சண்டை போட்டால், நான் போ என்றால், அவள் சட்டையை மடிப்பாள். அது எனக்குத் தெரியும். ஆனால் மிஸ்ஸியிடம், "நான் அப்படிச் சொல்ல மாட்டேன்" என்றுதான் சொன்னேன்.

"மாட்டேன்னு எழுதிக் குடுத்தியா?" என்றார். டீ மட்டும் கடைசி வரை கொடுக்கவில்லை.

அந்த ஞாயிறு மூன்று குடும்பங்களையும் ஹாலில் கூட்டினார். சமையலறை எங்கள் எல்லார் பேப்பரிலும் இருப்பதால், நாலாவது குடும்பமாகத் தங்கச்சியின் அடுப்பு வந்தால் எல்லாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். கவுன்சிலிலும் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தார். டிரைவர் பெண்டாட்டி, "காலையில பாத்ரூமுக்கு நம்பர் சீட்டு குடுப்பீங்களா மிஸ்ஸி?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் போட்டாள். தையல்காரி மட்டும் இரண்டு நாள் யோசித்துப் போட்டாள். அது அவள் உரிமை என்று மிஸ்ஸி யாரையும் அவளிடம் பேச விடவில்லை.

"எந்த ரூம் குடுக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"மேல சின்ன ரூம்."

அது மகன் பூட்டி வைத்திருந்த அறை.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை காலை அந்தத் தம்பி வந்தார், கையில் ஒரு கடித உறையோடு. மிஸ்ஸி முன்னாலேயே வந்து போர்ச்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பெத்த மகனுக்கு நோட்டீஸா மம்மி? அதுவும் ரெஜிஸ்டர் போஸ்ட்ல!"

"சாதா போஸ்ட்ல போட்டா வரலன்னு சொல்லுவ."

"என் ரூம் மம்மி அது!"

"பேப்பர் காட்டு."

"எனக்கெதுக்குப் பேப்பர்?"

"இந்த வீட்டுல பேப்பர் இல்லாம எடத்த அடைச்சிக்கிட்டு இருக்கிறது நீ ஒருத்தன்தான்டா. சாமான எடு."

தூண்டில், பழைய பேட்மின்டன் மட்டை, ஓடாத ஓட்ட மிஷின் ஒன்று, எல்லாம் படியிறங்கின. டிரைவரும் ஒரு கை பிடித்தார். தங்கச்சி மேல்படியில் சுவரோடு ஒட்டி நின்றாள், இன்னும் யாரோ வந்து மாற்றிச் சொல்வார்கள் என்பது போல. மிஸ்ஸி அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து வரிவரியாக வாசித்தார். "இப்ப நீ சொல்லு" என்றார். அவள் சொன்னாள். பேர் எழுதினாள், என்னைவிட வேகமாக. சாவியைக் கொடுத்ததற்கும் ஒரு கையெழுத்து வாங்கினார்.

எல்லாம் முடிந்து கேட்டுக்குப் போகும்போது மிஸ்ஸி என் பக்கம் திரும்பினார். "நீ என்னை எதுத்து நின்னது சரி. ஆனா அந்த அலமாரி விஷயத்துல நீ செஞ்சது தப்பு. ஒத்துக்க."

"ஒத்துக்க மாட்டேன்."

"தீ புடிச்சிருந்தா புள்ளைங்க செத்திருக்கும்."

"சாவலையே."

மறு வாரமும் கேட்டார். அதற்கடுத்த வாரமும். பிறகு அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வாங்க என்று சொல்லி முடிப்பதற்குள், "ஒத்துக்கிறியா?" என்பார். இல்லை என்பேன். அதன் பிறகுதான் நலம் விசாரிப்பார். தப்புதான் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் வாழ்க்கை முழுக்க எவன் எதைச் சொன்னாலும் ஒத்துக்கொண்டே வந்தவள் நான். ஒத்துக்கொள்ளாமல் இருந்து பார்க்க எனக்குக் கிடைத்த ஒரே ஆள் அவர்.

போன வருஷம் அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே அவரைப் படுக்க வைத்தார்கள். நானும் தங்கச்சியும் போனோம். உடம்பு சின்னதாகிப் போயிருந்தது. கண் மட்டும் அதே கண். தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கால்மாட்டில் நின்றேன்.

"இப்பவாவது ஒத்துக்க" என்றார்.

"எழுத்துல குடுங்க மிஸ்ஸி. படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரம் ஆனது. அப்புறம் கையை நீட்டிப் பேனா கேட்டார். என் பையில் பேனா இருந்தது. நான் கொடுக்கவில்லை.